ஓஎல்இடி கேமிங் மானிட்டர்: பெட்டியில் அச்சிட்ட எண்களும் அச்சிடாத நிபந்தனைகளும்

ஒரே மானிட்டரைப் பற்றிய இரண்டு விமர்சனங்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சுகிறது. ஒருவர் ‘1000 நிட் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது’ என்கிறார். இன்னொருவர் ‘வெள்ளைத் திரையில் 250 நிட்டைத் தாண்டவில்லை, மங்கலாக இருக்கிறது’ என்கிறார். கறுப்பு முழுமையானது என்று ஒருவர் எழுத, பகல் வெளிச்சத்தில் அது ஊதா கலந்த சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்று மற்றவர் குறைபட்டுக்கொள்கிறார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு சூழ்நிலையில் அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உயர்ரக ஓஎல்இடி மானிட்டரின் விளம்பரத்தில் வரும் ஏறக்குறைய எல்லா எண்களுமே உண்மையானவை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதுதான் பெட்டியில் அச்சாவதில்லை. அந்த நிபந்தனைகள் எவை, அவை எதிலிருந்து பிறக்கின்றன என்பது புரிந்துவிட்டால் எந்த மாடலையும் எடைபோடலாம்.

## ஒளி எங்கிருந்து வருகிறது

எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்புறம் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. முன்னால் உள்ள திரவப் படிகம் ஜன்னல் கதவு போல அந்த ஒளியைத் திறந்தும் மூடியும் விடுகிறது. கதவு எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் இடுக்கில் ஒளி கசியும். அதனால்தான் இருட்டறையில் எல்சிடியின் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. வெண்மைக்கும் கறுப்புக்கும் இடையிலான விகிதம், அதாவது கான்ட்ராஸ்ட், ஐபிஎஸ் வகைப் பேனல்களில் சுமார் 1000:1 ஆகவும், விஏ வகையில் சுமார் 3000:1 ஆகவும் இருக்கும்.

ஓஎல்இடியில் பின்னொளி கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமச் சேர்மங்களின் மெல்லிய அடுக்குகளால் ஆன பிக்சல்கள் ஒவ்வொன்றும் தானே எரிகின்றன, தானே அணைகின்றன. இன்றைய ஓஎல்இடிக்கு அடித்தளமிட்ட ஆய்வறிக்கையை 1987இல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்டார்கள். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பழகிய பிறகே இந்த நுட்பம் கேமிங் மானிட்டருக்குப் பரவலாக வந்தது.

மினி-எல்இடி என்ற நடுவழியும் இருக்கிறது. பின்னொளியைச் சில நூறு அல்லது சில ஆயிரம் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கவைக்கும் எல்சிடி அது. நல்ல நுட்பம்தான். ஆனால் 4கே திரையில் 82.9 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஆயிரம் பகுதிகள் என்றாலும் ஒரு பகுதியின் கீழ் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் வரும். இரவு வானத்தில் ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அதைச் சுற்றி ஒளிவட்டம் படர்வது இதனால்தான். ஓஎல்இடியில் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துப் பிக்சலே முழுதாக அணைந்திருக்கும்.

பிக்சல் தானே எரிகிறது என்ற இந்த ஒரே காரணத்திலிருந்து மூன்று விளைவுகள் கிளைக்கின்றன:

1. அணைந்த பிக்சல் முழுக் கறுப்பு. கான்ட்ராஸ்டுக்கு அளவிடக்கூடிய உச்சவரம்பு இல்லை.
2. திரவப் படிகம் திரும்புவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறம் மாறுவது ஏறக்குறைய உடனடியாக நடக்கும்.
3. எரிகிற பிக்சல் சூடாகும், மின்சாரம் தின்னும், தேயும்.

முதல் இரண்டையும் விளம்பரங்கள் உரக்கச் சொல்கின்றன. மூன்றாவதைச் சொல்வதில்லை. வெளிச்ச வரம்பும், அசையாத படத்தின் தடம் திரையில் நிலைத்துவிடும் பர்ன்-இன் பற்றிய அச்சமும் இந்த மூன்றாவது விளைவின் குழந்தைகள்.

## இரண்டு குடும்பங்கள்

பெரிய திரை ஓஎல்இடி மானிட்டர்களின் பேனல்கள் பெரும்பாலும் இரண்டு தயாரிப்பாளர்களிடமிருந்து வருகின்றன. வெளியே எந்தப் பிராண்டின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது எல்ஜி டிஸ்ப்ளேயின் டபிள்யூ-ஓஎல்இடியா, சாம்சங் டிஸ்ப்ளேயின் க்யூடி-ஓஎல்இடியா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். ஒரே பேனலைப் பல பிராண்டுகள் வாங்கிப் பொருத்துவதால், பட நுணுக்கத்தில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபடுவது மென்பொருள், குளிர்விக்கும் முறை, கேபிள்களுக்கான இணைப்பு முனைகள், உத்தரவாதம் ஆகியவைதாம்.

டபிள்யூ-ஓஎல்இடியில் அடுக்குகள் சேர்ந்து வெள்ளை ஒளியை உண்டாக்குகின்றன. அதை வண்ண வடிகட்டிகள் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கின்றன. வடிகட்டியில் ஒளி வீணாவதை ஈடுகட்ட, வடிகட்டி இல்லாத வெள்ளைத் துணைப் பிக்சல் (பிக்சலுக்குள் ஒரு நிறத்தைத் தரும் பகுதி) ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெள்ளை வெளிச்சம் இதனால் கூடுகிறது. ஆனால் மிகப் பிரகாசமான நிறங்களில் அந்த வெள்ளை கலந்து நிறத்தின் அடர்த்தி சற்றுக் குறையும். எல்ஜி டிஸ்ப்ளே 2023இல் நுண்வில்லை அடுக்கையும், 2025இல் நான்கு அடுக்குக் கட்டமைப்பையும் அறிமுகப்படுத்தி இந்தக் குடும்பத்தின் வெளிச்சத்தை உயர்த்தியது.

க்யூடி-ஓஎல்இடியில் நீல ஒளிதான் அடித்தளம். குவாண்டம் புள்ளிகள் அந்த நீலத்தைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. வடிகட்டி இல்லாததால் வெள்ளையில் கிடைக்கும் வெளிச்சத்துக்கு ஈடாக நிறங்களும் ஒளிர்கின்றன. இந்தப் பேனலுடன் 2022இல் வந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ, 34 அங்குல அகலத்திரையில் 175 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 175 முறை படத்தைப் புதுப்பிக்கும் வீதம் கொடுத்து, ஓஎல்இடி கேமிங் மானிட்டரை ஒரு பேசுபொருளாக்கியது.

இந்தக் குடும்பத்தின் பலவீனம் அறை வெளிச்சம். வெளியிலிருந்து விழும் ஒளியை விழுங்கும் போலரைசர் தகடு பொதுவாக ஓஎல்இடி திரைகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு திரையின் சொந்த ஒளியிலும் பெரும்பங்கைத் தின்றுவிடும். க்யூடி-ஓஎல்இடியில் அதை நீக்கி வெளிச்சத்தைக் காப்பாற்றினார்கள். பதிலுக்கு, அறையில் விளக்கு எரிந்தால் அணைந்த திரைகூடச் சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரிகிறது. ‘எல்லையற்ற கான்ட்ராஸ்ட்’ என்ற வாசகத்தின் நிபந்தனை இங்கேதான் இருக்கிறது. இருட்டறையில் இரண்டு குடும்பங்களுமே அந்த வாக்கைக் காப்பாற்றும். ஜன்னல் திறந்த பகல் அறையில் டபிள்யூ-ஓஎல்இடி பெருமளவு காப்பாற்றும், க்யூடி-ஓஎல்இடி காப்பாற்றாது.

ஆகவே திரைக்கு எதிரே ஜன்னலோ வலுவான விளக்கோ இருந்து, அதை மறைக்க வழியில்லாவிட்டால், மற்ற எண்களைப் பார்க்கும் முன்பே முடிவு பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

## 1000 நிட்: எவ்வளவு பரப்பில்?

பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நிட் என்பது ஒளிரும் பரப்பின் வெளிச்ச அளவு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. எல்சிடி மானிட்டரில் 400 நிட் என்றால் திரை முழுவதும் வெள்ளையாக இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். ஓஎல்இடியில் அப்படியல்ல. எல்லாப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் உச்சத்தில் எரிந்தால் மின்சாரமும் வெப்பமும் தாங்காது. அதனால் வெள்ளைப் பரப்பு பெரிதாக ஆக, மானிட்டர் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். தானியங்கி வெளிச்ச வரம்பு என்றும், சுருக்கமாக ஏபிஎல் என்றும் இதைச் சொல்கிறார்கள்.

1000 நிட் என்று பல மானிட்டர்கள் அறிவிப்பது திரையின் 2 அல்லது 3 விழுக்காட்டுப் பரப்பு மட்டும் வெள்ளையாக இருக்கும்போதுதான். 4கே திரையில் 3 விழுக்காடு என்பது ஏறக்குறைய 500க்கு 500 பிக்சல் கொண்ட ஒரு சதுரம். தூரத்துத் தீப்பந்தம், உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி, இருட்டில் வெடிக்கும் பொறி ஆகியவை அந்த அளவுக்குள் அடங்கும். பனி மூடிய சமவெளி அடங்காது. முழு வெள்ளைத் திரையில் இதே மானிட்டர்கள் பலவும் 250 நிட் அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்த குழப்பம் சான்றிதழ். காட்சித் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு ஓஎல்இடி போன்ற திரைகளுக்காக 2019இல் ‘ட்ரூ பிளாக்’ என்ற தரவரிசையைக் கொண்டுவந்தது. அதன் 400 என்ற படிக்கு 10 விழுக்காட்டுப் பரப்பில் 400 நிட், முழுத்திரையில் 250 நிட், கறுப்பில் 0.0005 நிட்டுக்கு மேல் போகாமை ஆகியவை தேவை. எனவே ஒரே பெட்டியில் ‘ட்ரூ பிளாக் 400’ முத்திரையும் ‘1000 நிட்’ என்ற வாசகமும் சேர்ந்து இருப்பதில் முரண்பாடு இல்லை. இரண்டும் வெவ்வேறு பரப்புக்கான அளவுகள்.

இந்த இரட்டைத்தன்மை மானிட்டரின் மெனுவிலும் தொடர்கிறது. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் எச்டிஆர் முறைக்கான பகுதியில் பெரும்பாலும் இரண்டு தேர்வுகள் இருக்கும்: ஒன்று ட்ரூ பிளாக் 400, மற்றொன்று உச்சம் 1000. பெரிய எண் நல்லது என்று எண்ணி இரண்டாவதைத் தேர்வது இயல்பு. அதன் விளைவைப் புரிந்துகொள்ள எச்டிஆர் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். எச்டிஆர்10 வடிவத்தில் ஒவ்வொரு குறியீடும் ஒரு குறிப்பிட்ட நிட் அளவைக் குறிக்கிறது. அதன் அளவுகோல் 10,000 நிட் வரை நீள்கிறது. விளையாட்டு ஒரு சுவருக்கு 200 நிட் கேட்டால், திரை 200 நிட் காட்ட வேண்டும். உச்சம் 1000 முறையில் பல மாடல்கள், காட்சியின் சராசரி வெளிச்சம் கூடியதும் படம் முழுவதையும் சேர்த்து மங்கவைக்கின்றன. 200 கேட்ட சுவருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். இருண்ட குகையில் பொறிகள் அற்புதமாக இருக்கும். வெளியே பகல் வெயிலுக்கு வந்ததும் வெயில் சோர்ந்துவிடும். ட்ரூ பிளாக் முறையில் பொறிகளின் உச்சம் குறைவு, ஆனால் நடுத்தர வெளிச்சக் காட்சிகள் கேட்டபடியே வரும்.

என் கருத்தில், பகல் காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளுக்கு ட்ரூ பிளாக் முறையும், இருள் நிறைந்தவற்றுக்கு உச்சம் 1000 முறையும் பொருத்தம். ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டு மானிட்டரைக் குறை சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது 2 விழுக்காட்டு எண்ணைத் தாண்டி, 10, 25, 50, 100 விழுக்காட்டு அளவுகளைத் தேடுங்கள். உண்மையான விளையாட்டுக் காட்சிகளின் வெளிச்சம் இந்த இடைநிலைகளில்தான் விழுகிறது. 25, 50 விழுக்காடுகளில் இரண்டு மாடல்களுக்கிடையே உள்ள வேறுபாடு, உச்ச எண்ணில் உள்ள வேறுபாட்டைவிட அதிகம் கவனிக்கத் தக்கது.

எச்டிஆர் அல்லாத சாதாரணப் பயன்பாட்டில் இன்னொரு கேள்வி: திரையில் செயலி ஜன்னல்களைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் வெளிச்சம் ஏறி இறங்குகிறதா? பல மாடல்களில் வெளிச்சத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அதை இயக்கினால் உச்சம் குறையும், ஏற்ற இறக்கம் நிற்கும். அப்படியோர் அமைப்பு இல்லாத மாடலை அன்றாட வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

## 0.03 மில்லி விநாடி: அது தீர்க்காத மங்கல்

ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரத்தையே மறுமொழி நேரம் என்கிறார்கள். எல்சிடியில் இது சில மில்லி விநாடிகள், ஓஎல்இடிக்கு 0.03 என்று அறிவிக்கிறார்கள். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் அசையும் படத்தில் மங்கலே இருக்கக் கூடாது. இருக்கிறதே, ஏன்?

மங்கலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிக்சல் மெதுவாக மாறுவது ஒன்று. மற்றொன்று நம் கண்ணில் நடக்கிறது. திரை ஒரு ஃபிரேமை, அதாவது அசைவின் ஒரு தனிப் படத்தை, அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. நகரும் பொருளைப் பின்தொடரும் கண்ணோ தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்ற படமும் நகரும் கண்ணும் சேர்ந்து விழித்திரையில் ஓர் இழுவையை உண்டாக்குகின்றன. இதன் அளவை எளிதாகக் கணக்கிடலாம்: பொருளின் வேகத்தை ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். ஒரு விநாடிக்கு 960 பிக்சல் நகரும் பொருளுக்கு:

1. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.67 மில்லி விநாடி நிற்கும். இழுவை 16 பிக்சல்.
2. 120 ஹெர்ட்ஸில் 8.33 மில்லி விநாடி, 8 பிக்சல்.
3. 240 ஹெர்ட்ஸில் 4.17 மில்லி விநாடி, 4 பிக்சல்.
4. 480 ஹெர்ட்ஸில் 2.08 மில்லி விநாடி, 2 பிக்சல்.

ஓஎல்இடியின் வேகம் முதல் காரணத்தை மட்டுமே ஒழிக்கிறது. இரண்டாவதை ஒழிக்க புதுப்பிப்பு வீதம் உயர வேண்டும், அந்த வீதத்துக்குக் கிராபிக்ஸ் கார்டும் ஃபிரேம்களைக் கொடுக்க வேண்டும். 240 ஹெர்ட்ஸ் திரையில் விளையாட்டு விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால் கண்ணுக்குக் கிடைப்பது 60 ஹெர்ட்ஸின் மங்கல்தான்.

ஆனாலும் சம வீதத்தில் ஓஎல்இடியின் மேன்மை உண்மையானது. 240 ஹெர்ட்ஸ் எல்சிடியில் பிக்சல் மாறி முடிப்பதற்குள் அடுத்த ஃபிரேம் வந்துவிடுவதால் பழைய படத்தின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓஎல்இடியில் அந்த நிழல் இல்லை. வேகமாகத் திரும்பும்போது எதிராளியின் உருவ விளிம்பு தெளிவாக நிற்பதை யாரும் உடனே உணரலாம்.

இதே உடனடி மாற்றம் ஓரிடத்தில் பாதகமாகவும் இருக்கிறது. விநாடிக்கு 30 ஃபிரேமில் ஓடும் விளையாட்டு எல்சிடியில் மெல்லிய மங்கலால் இழைந்து தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டு வெட்டாகத் தாவும். குறைந்த ஃபிரேம் வீதத்தில் விளையாடுபவருக்கு ஓஎல்இடி படத்தைச் சீராக்கித் தராது, தாவலை அப்பட்டமாகக் காட்டும்.

### ஃபிரேம்களை யார் தருவது?

4கே திரையில் 1440பி (2560க்கு 1440 பிக்சல்) திரையைவிட 2.25 மடங்கு பிக்சல்கள். 240 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 4.17 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். கனமான புதிய விளையாட்டுகளில் 4கே தெளிவில் இதை நேரடியாகச் செய்வது மிகச் சக்திவாய்ந்த கார்டுகளுக்கே சிரமம். அதனால்தான் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்குகின்றன.

இடைநிலை ஃபிரேம்களைச் செயற்கையாக உருவாக்கும் வசதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது திரையில் தெரியும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டும், இழுவையைக் குறைக்கும். ஆனால் மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்காது; சற்றுக் கூட்டவும் செய்யும். கதை சார்ந்த விளையாட்டுக்கு அது வரம். போட்டி விளையாட்டுக்கு அதன் பயன் குறைவு.

எனவே போட்டி விளையாட்டே பிரதானம் என்றால் 27 அங்குல 1440பி, 360 அல்லது 480 ஹெர்ட்ஸ் பேனல் பொருத்தம். காட்சி அழகும் வேலையும் கலந்திருந்தால் 4கே 240 ஹெர்ட்ஸ். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய கன்சோல்கள் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் தருவதில்லை. அவற்றை மட்டும் இணைப்பவர் 120க்கு மேல் உள்ள எந்த எண்ணுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

### இருட்டில் மினுக்கல்

ஃபிரேம் வரும் வேகத்துக்கேற்ப திரையும் தன் புதுப்பிப்பு வீதத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு விஆர்ஆர் என்று பெயர். படம் நடுவில் கிழிவதை இது தடுக்கிறது. ஆனால் ஓஎல்இடி பேனலின் நிறச் சீரமைப்பு குறிப்பிட்ட வீதத்தை மையமாக வைத்துச் செய்யப்படுகிறது. வீதம் மாறும்போது அடர்சாம்பல் நிறங்களின் வெளிச்சம் நூலிழை அளவு மாறுகிறது. ஃபிரேம் வீதம் சட்டெனத் தாவும் இடங்களில், முக்கியமாக விளையாட்டு லோட் ஆகும் திரைகளிலும் இருண்ட காட்சிகளிலும், அது மினுக்கலாகத் தெரியும்.

இது பழுதல்ல, பேனலின் இயல்பு. உயர்ந்த விலையுள்ள மாடலிலும் இருக்கும். ஃபிரேம் வீதத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்து அதைச் சீராக்குவதே நல்ல மருந்து. சில மானிட்டர்களில் விஆர்ஆர் வரம்பைச் சுருக்கி மினுக்கலைக் குறைக்கும் அமைப்பும் இருக்கிறது. கண்ணுக்கு மினுக்கல் எளிதில் தெரிபவர்கள் வாங்குவதற்குமுன் இதை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

## கேபிளும் இணைப்பும்

4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்ற கலவைக்குப் படத்தின் தரவு மட்டுமே விநாடிக்கு ஏறக்குறைய 60 கிகாபிட் தேவை. எச்டிஎம்ஐ 2.1 அதிகபட்சம் 48 கிகாபிட் வேகம் கொண்டது. டிஸ்ப்ளே போர்ட் 1.4 அதைவிடக் குறைவு. இரண்டும் டிஎஸ்சி என்ற சுருக்க முறையின் துணையோடுதான் இந்தப் படத்தைக் கடத்துகின்றன. அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே அதைக் காரணமாக்கி ஒரு மாடலை ஒதுக்க வேண்டியதில்லை.

டிஸ்ப்ளே போர்ட் 2.1 என்ற முத்திரைக்கும் நிபந்தனை உண்டு. அதற்குள் 40, 54, 80 கிகாபிட் என வெவ்வேறு வேகங்கள் இருக்கின்றன. சுருக்கமில்லாத 4கே 240 ஹெர்ட்ஸுக்கு 80 கிகாபிட் வகை வேண்டும். கார்டும் மானிட்டரும் கேபிளும் மூன்றுமே அதைத் தாங்க வேண்டும்.

## எழுத்துகள் ஏன் ஓரம் கசிகின்றன?

விளையாட்டுக்காக வாங்கினாலும் அதே திரையில்தான் படிக்கிறோம், எழுதுகிறோம். கணினி எழுத்துகளைக் கூர்மையாக்க, துணைப் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் செங்குத்துக் கோடுகளாக நிற்கின்றன என்று விண்டோஸ் கருதுகிறது. பல க்யூடி-ஓஎல்இடி பேனல்களில் அவை முக்கோணமாக அமைந்துள்ளன. பல டபிள்யூ-ஓஎல்இடி பேனல்களில் நடுவே வெள்ளை நுழைந்து வரிசையும் மாறியிருக்கிறது. கணிப்பு தவறுவதால் எழுத்துகளின் ஓரத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ கசியும்.

அடர்த்தி கூடினால் இந்தக் கசிவு கண்ணுக்கு எட்டாமல் போகும். 27 அங்குல 1440பி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல். இங்கே கசிவு தெரியும். 32 அங்குல 4கேயில் சுமார் 140. பெரும்பாலானோருக்குத் தொந்தரவு இல்லை. 27 அங்குல 4கேயில் 160க்கும் மேல். பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் நுணுக்கமானவை என்பதால், நாள் முழுதும் தமிழில் படிப்பவர்கள் அடர்த்தியை ஒருபடி கூடுதலாகவே எதிர்பார்க்கலாம்.

## பர்ன்-இன்: தேய்மானத்தின் வேற்றுமை

ஓஎல்இடியின் கரிமப் பொருள் பயன்பாட்டில் மெதுவாகத் தேய்கிறது. நீலம் தரும் பொருள் விரைவாகத் தேய்கிறது. திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. ஓரிடம் மட்டும் அதிகம் தேயும்போதுதான் சிக்கல். திரையின் கீழே நாள் முழுதும் நிற்கும் டாஸ்க்பார், விளையாட்டின் மூலையில் மாறாமல் இருக்கும் வரைபடமும் உயிரளவைக் காட்டும் கோடும், இரண்டு ஜன்னல்களைப் பக்கம் பக்கமாக வைப்பதால் நடுவில் விழும் கோடு ஆகியவை அப்படிப்பட்ட தேய்மானத்தை உண்டாக்குகின்றன. சில நிமிடம் தோன்றி மறையும் நிழல் வேறு, அது தற்காலிகமானது. பர்ன்-இன் மறையாது.

மானிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளப் பல வழிகளைக் கையாள்கிறது: படத்தை அவ்வப்போது ஓரிரு பிக்சல் நகர்த்துவது, அசையாத பகுதிகளை மங்கவைப்பது, சில மணி நேரப் பயன்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நிலையில் பிக்சல் சீரமைப்பை ஓட்டுவது. இந்தச் சீரமைப்பு தேய்ந்த பொருளைப் புதுப்பிப்பதில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, மின்னோட்டத்தைத் திருத்தி வேற்றுமையைச் சமன் செய்கிறது. அது ஓட வேண்டுமானால் மானிட்டருக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். சிக்கனத்துக்காக இரவில் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுபவர்கள் தம்மை அறியாமல் அந்தப் பாதுகாப்பைத் துண்டிக்கிறார்கள்.

பயனர் செய்யக்கூடியவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பதே பெரியது. வெளிச்சத்தை இருமடங்காக்கினால் தேய்மானம் இருமடங்குக்கும் மேல் கூடும். வேலை நேரத்தில் குறைந்த வெளிச்சம், டாஸ்க்பாரை மறைப்பது, இருண்ட பின்னணி, சில நிமிடத்தில் திரை தானே அணைவது ஆகியவற்றைப் பழக்கிக்கொண்டால் விளையாட்டு நேரத்துக்கு முழு வெளிச்சத்தையும் தாராளமாகச் செலவிடலாம்.

உத்தரவாதத்தில் இப்போது பல பிராண்டுகள் 3 ஆண்டுகள் தருகின்றன. ‘3 ஆண்டு’ என்பதோடு நிறுத்திவிடாமல், பர்ன்-இன் அடங்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்ப வேண்டாம்.

நாளில் எட்டு மணி நேரம் விரிதாளும் நிரலும் திறந்திருக்க, இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவருக்கு நல்ல மினி-எல்இடி எல்சிடியே ஏற்றது என்பேன். ஓஎல்இடி வாங்கினால் அவர் பணத்தில் பெரும்பங்கு, அவர் பார்க்காத இருட்டுக் காட்சிகளுக்குச் செலவாகும்.

## வாங்கியபின் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரே மாடலின் இரண்டு பிரதிகளுக்கிடையேகூட வேறுபாடு இருக்கும். அதனால் திருப்பித் தரும் கால வரம்புக்குள் இவற்றைச் செய்து முடிக்க வேண்டும்:

1. மானிட்டரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, ஒருமுறை பிக்சல் சீரமைப்பையும் முடித்தபின், இருட்டறையில் மிக அடர்ந்த சாம்பல் நிறத்தை முழுத்திரையில் காட்டுங்கள். செங்குத்துக் கோடுகள் சிறிது தெரிவது இயல்பு. விளையாட்டின் இருண்ட காட்சியிலும் அவை தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள்.
2. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே முழுத்திரையில் காட்டி, அணைந்த பிக்சலோ அணையாத பிக்சலோ இருக்கிறதா என்று தேடுங்கள்.
3. வழக்கமான அறை வெளிச்சத்தில், பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும், திரையில் கறுப்பைக் காட்டிப் பாருங்கள்.
4. வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து அதன் அளவைச் சிறிதாக்கிப் பெரிதாக்குங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் சீர்வெளிச்ச அமைப்பை இயக்கி மீண்டும் பாருங்கள்.
5. விண்டோஸ் 11இல் எச்டிஆர் சீரமைப்புச் செயலியை ஓட்டி, நீங்கள் தேர்ந்த எச்டிஆர் முறைக்கேற்ப உச்ச வெளிச்சத்தை அமையுங்கள். முறையை மாற்றினால் இதையும் மீண்டும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிரகாசமான இடங்களின் நுணுக்கம் வெளுத்துப் போகும்.
6. விஆர்ஆரை இயக்கி, நீங்கள் உண்மையில் விளையாடும் இருண்ட விளையாட்டு ஒன்றை, ஃபிரேம் வரம்பு இல்லாமலும் வரம்போடும் ஓட்டுங்கள். வரம்பு வைத்தபிறகும் மினுக்கல் கண்ணை உறுத்தினால், அந்தப் பேனல் வகை உங்களுக்கு ஒத்துவராது. பிரதியை மாற்றுவதால் அது தீராது, பணத்தைத் திரும்பக் கேட்பதே வழி.